சர்வர் மாற்றும்போது ஆர்சிங்க், டார், டிடி: பல வருடம் புழங்கியபின்

ஒரு சர்வரின் டிஸ்க்கை இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உள்ளே இருப்பவை சில பெரிய கோப்புகளா, லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளா? டிஸ்க் எத்தனை டெராபைட் என்பது அதற்கு அப்புறம்தான்.

பெரும்பாலும் ஆர்சிங்க்தான் கைகொடுக்கிறது. இரு பக்கக் கோப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டவற்றை மட்டும் காப்பி செய்யும் கருவி (rsync), 1996-இல் வந்தது. வேகத்துக்காக அல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம் என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் சுற்றை விட்டுவிடுவேன். அப்புறம் ராத்திரி சர்வீஸ்களை நிறுத்திவிட்டு இரண்டாம் சுற்று. மாறியவை மட்டும் போவதால் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆனால் அனுமதி, தேதி போன்றவற்றோடு காப்பி செய்யும் 'ஆர்க்கைவ்' ஆப்ஷனைக் கொடுத்தாலே எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (கோப்போடு ஒட்டிய கூடுதல் குறிப்புகள்) மூன்றையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும். ரெஸ்க்யூ சிஸ்டத்தில் (சர்வரின் சொந்த சிஸ்டத்துக்குப் பதில் ஓட்டும் தற்காலிக சிஸ்டம்) பூட் செய்து காப்பி எடுக்கிறீர்களா? யூசர் எண்களை அப்படியே வைக்கும் 'நியூமெரிக் ஐடிஸ்' ஆப்ஷன் கட்டாயம். இல்லையென்றால் ஆர்சிங்க் யூசரின் பெயரை வைத்துப் பொருத்தும்; டேட்டாபேஸ் கோப்புகள் வேறு எண்ணுக்குச் சொந்தமாகி, மறுநாள் சர்வீஸ் எழவே எழாது. சோர்ஸ் பாதையின் கடைசியில் சாய்கோடு போட்டால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். சேருமிடத்தில் கூடுதலாக இருப்பவற்றை அழிக்கும் 'டெலீட்' ஆப்ஷனும் சேர்ந்தால் கதை கந்தல், 'ட்ரை ரன்' (நிஜமாக எதையும் மாற்றாத ஒத்திகை) பார்க்காமல் என்டர் தட்டக் கூடாது.

மெயில் சர்வர் மாதிரி குட்டிக் கோப்புகள் குவிந்த இடத்தில் முதல் சுற்றுக்கு டாரை (கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் கருவி) எஸ்எஸ்எச் (என்கிரிப்ட் செய்த இணைப்பு) வழியே பைப் செய்வதுதான், அதாவது நேராக மறுபக்கம் அனுப்புவதுதான், எனக்கு வேகமாக இருக்கிறது. மிச்சத்தை ஆர்சிங்க் பார்த்துக்கொள்ளும்.

டிடி? கோப்புகளைப் பார்க்காமல் டிஸ்க்கைப் பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கருவி அது. பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) அப்படியே பிட் மாறாமல் எடுக்க வேண்டுமென்றால் மட்டும். அதன் இயல்பான பிளாக் அளவு (ஒரு தடவையில் படித்து எழுதும் அளவு) வெறும் 512 பைட், நாமே 4 எம்பி என்று சொல்லிவிட வேண்டும். காலி இடத்தையும் அது சுமந்துகொண்டு போகும். ஜிகாபிட் லைனில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு 110 எம்பி சொச்சம். ஆக, 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம், டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தாலும் சரி. மவுன்ட் ஆகி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை டிடி எடுப்பது வீண், எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் இருந்தபடியே உறைந்த பிரதி) எடுத்து அதிலிருந்து ஓட்டுங்கள்.

வேகத்துக்காக நெட்கேட் (என்கிரிப்ஷன் இல்லாமல் டேட்டாவை நேராக அனுப்பும் கருவி) பிடிக்கும் வழக்கத்தை ஏறக்குறைய விட்டுவிட்டேன். என்கிரிப்ஷனை வேகமாக்கும் ஏஇஎஸ் கட்டளைகள் உள்ள பிராசசரில் எஸ்எஸ்எச்சே ஜிகாபிட்டை நிரப்பிவிடுகிறது. 10 ஜிகாபிட்டில், இரண்டு பெட்டிக்கும் நடுவே தனி கேபிள் இருந்தால் மட்டும் நெட்கேட்டை எடுப்பேன், இரு பக்கமும் ஷா256 (டேட்டா மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்த்துக்கொண்டு.