அம்மாவின் கண்ணும் மதுரையில் எடுத்த ஓசிடி ஸ்கேனும்

மூன்று வார விடுப்பில் டொரொண்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையிலேயே, மாதக் காலண்டரின் கட்டங்கள் வலது கண்ணுக்கு நெளிந்து தெரிவதாக அம்மா சொன்னார். ஒரே ஆண்டில் உள்ளூர்க் கடையொன்றில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்; சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய இடம். டொரொண்டோவில் விழித்திரை நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதத்தோடு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அன்றைக்கே ஓசிடி எனும் விழித்திரை ஸ்கேனும் முடிந்தது. தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்க்க வேண்டும், சில நொடிகள்தான். ஊசி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. அகச்சிவப்பு ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்புவதை அளந்து, அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் படமாக்குகிறது கருவி.

டாக்டர் திரையை அம்மா பக்கம் திருப்பினார். இடது கண்ணில், விழித்திரையின் நடுவே இயல்பாக இருக்க வேண்டிய அழகான குழி. வலது கண்ணில் குழியே இல்லை. மேலே வெள்ளைக் கோடாக ஒரு படலம், அது இழுத்ததில் கீழே சுருக்கங்கள். “பாலில் ஆடை படிகிற மாதிரியா?” என்றார் அம்மா. “அதேதான் அம்மா, ஆடை சுருங்கும்போது அடியிலிருப்பதையும் இழுக்கிறது” என்றார் டாக்டர்.

நிறையத் தொலைக்காட்சி பார்த்ததால் வந்ததோ என்று அம்மாவுக்கு உள்ளூரக் குற்ற உணர்வு. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லையாம். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியும். அப்போது அங்கே தங்கும் செல்கள் பெருகிப் படலமாகிவிடுகின்றன. நீரிழிவு, இரத்தநாள அடைப்பு, விழித்திரைக் கிழிசல், உள் அழற்சி, முன்பு செய்த கண் அறுவை ஆகியவையும் காரணமாகலாம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் டாக்டர் விழித்திரையின் ஓரம்வரை பொறுமையாகப் பார்த்தார். கிழிசலோ கசிவோ இல்லை.

பார்வை இன்னும் 6/12 (இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) இருப்பதால் இப்போதைக்கு அறுவை வேண்டாம். மோசமானால் கூழை அகற்றிப் படலத்தை உரிக்கலாம். ஆனால் தேற மாதங்கள் ஆகும், நெளிவு முழுதும் போகாமலும் இருக்கலாம், கண்புரையும் விரைந்து வரும் என்பதை மறைக்காமல் சொன்னார்.

நான்கு மாதம் கழித்து மறு ஸ்கேன். தங்கை அழைத்துப் போவாள். அதுவரை தினமும் ஒரு கண்ணை மூடி அதே காலண்டரைப் பார்த்து, நெளிவு கூடியிருந்தால் எனக்குத் தொலைபேசியில் சொல்வதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்.