ஸ்பானிய எழுத்துகளுக்கு யுஎஸ்-இன்டர்நேஷனல் விசைப்பலகை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்பானியத்தில் 'பாகோ' என்ற சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'நான் செலுத்துகிறேன்' என்று பொருள். கடைசி அசையை அழுத்தினால் 'அவர் செலுத்தினார்' என்று பொருள். எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது கடைசி 'ஓ'வின் மேல் விழும் ஒரு சிறிய சாய்கோடு மட்டுமே. நிலுவைத் தொகையை வாடிக்கையாளர் கட்டிவிட்டார் என்று தெரிவிக்கும் கடிதம் ஒன்றை மொழிபெயர்த்து அனுப்பியபோது, அவசரத்தில் அந்தக் கோட்டை விட்டுவிட்டேன். பணத்தைக் கட்டியவர் யார், கட்டப்போகிறவர் யார் என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. இரண்டு வடிவங்களுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் எதையும் சுட்டிக்காட்டவில்லை. விண்டோஸில் உள்ள யுஎஸ்-இன்டர்நேஷனல் விசைப்பலகை அமைப்புக்கு அன்றுதான் மாறினேன். ஓராண்டு அதிலேயே எழுதிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அதுவரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்களைத் தட்டும் முறையைத்தான் பின்பற்றினேன். கோடிட்ட 'ஏ'வுக்கு 160, 'ஐ'க்கு 161, 'ஓ'வுக்கு 162, 'யு'வுக்கு 163 என்று ஒழுங்காகச் செல்லும் வரிசையில் 'ஈ' மட்டும் 130 என்று விலகி நிற்கும். 'என்' மேல் நெளிகோடு இட்ட 'எனியே' என்னும் தனி எழுத்துக்கு 164. எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டாலும், தனி எண்பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த முறையைப் பயன்படுத்துவது பெரும்பாடு. அதைவிட, ஒரு வரியில் நான்கு இடங்களில் கை நின்று நின்று நகர்வதால் வாக்கியத்தின் ஓட்டமே அறுந்துபோகும். குறியை விட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

யுஎஸ்-இன்டர்நேஷனல் அமைப்பில் விசைகளின் இடம் எதுவும் மாறுவதில்லை. ஆங்கில எழுத்துகள் பொறித்த பலகையே போதும். ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டினால் திரையில் எதுவும் தோன்றாது. அடுத்து ஓர் உயிரெழுத்தைத் தட்டியதும் கோடும் எழுத்தும் சேர்ந்து வரும். இரட்டை மேற்கோளுக்குப் பின் 'யு' தட்டினால், 'பிங்குயினோ' போன்ற சொற்களுக்குத் தேவையான இரு புள்ளிகள் தலைமேல் அமரும். நெளிகோட்டு விசைக்குப் பின் 'என்' தட்டினால் எனியே கிடைக்கும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கும் புள்ளியை முதலில் அடித்துவிட்டு, வண்டி நகராமல் நிற்க, அதன் கீழே எழுத்தை அடிப்போம்.

ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து எழுதும்போதுதான் இந்த வசதி இடையூறாகிறது. மேற்கோள் குறியைத் திறந்து 'ஓ'வில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதினால், மேற்கோள் காணாமல் போய், இரு புள்ளிகளைச் சுமந்த 'ஓ' மட்டும் நிற்கும். குறியைத் தனியே பெற வேண்டுமானால் அதற்குப் பின் இடைவெளிப் பட்டையைத் தட்ட வேண்டும். 'டி', 'எஸ்' போன்ற மெய்யெழுத்துகளோடு குறி ஒட்டாது என்பதால் ஆங்கிலச் சுருக்கச் சொற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கடவுச்சொல்லில் மேற்கோள் குறி இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் அங்கே திரையில் புள்ளிகள்தாம் தெரியும். தவறு நேர்ந்ததை நீங்கள் பார்க்கவே முடியாது.

முதல் மாதத்தில் இதனாலேயே பழைய அமைப்புக்குத் திரும்பிவிட நினைத்தேன். என்னைத் தடுத்தது வலப்புற ஆல்ட் விசை. அதை அழுத்திக்கொண்டு 'ஏ', 'ஈ', 'ஐ', 'ஓ', 'யு' ஆகியவற்றில் எதைத் தட்டினாலும் கோடிட்ட எழுத்து நேராக வந்துவிடும். 'என்' தட்டினால் எனியே, 'ஒய்' தட்டினால் இரு புள்ளிகள் கொண்ட 'யு'. கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் இடவேண்டிய தலைகீழ்க் கேள்விக்குறி, கேள்விக்குறி விசையிலேயே இருக்கிறது. தலைகீழ் உணர்ச்சிக்குறி 1 என்ற எண்ணில் இருக்கிறது. கூடவே ஷிப்டை அழுத்தினால் பெரிய எழுத்துகளும் கிடைக்கும். பெரிய எழுத்துகளுக்குக் கோடு வேண்டியதில்லை என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். விதிப்படி கோடு வரவேண்டிய இடத்தில் பெரிய எழுத்துக்கும் அதை இட்டே ஆகவேண்டும் என்பதே ஸ்பானிய அரச அகாதெமியின் நிலைப்பாடு. வலப்புற ஆல்ட்டை விண்டோஸ் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தியதாகக் கொள்வதால், அந்த இணைப்பைக் குறுக்குவழியாக வைத்திருக்கும் மென்பொருள்களில் மோதல் வரலாம். இதைத் தவிர அம்முறையில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

நாள் முழுதும் ஸ்பானியத்தில் மட்டுமே எழுதுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு ஸ்பெயின் நாட்டு அமைப்பே பொருத்தமானது. அதில் 'எல்' விசைக்கு வலப்புறம் எனியே தனி விசையாகவே வீற்றிருக்கும், அதற்கடுத்த விசை சாய்கோட்டுக்கு உரியது. இலத்தீன் அமெரிக்க அமைப்பில் சாய்கோடு 'பி' விசையின் வலப்பக்கம் இருக்கும். எனியேவுக்கு இந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. அவ்வெழுத்து இல்லாத கணினிகளையும் விற்க அனுமதிக்க வேண்டும் என்ற நெருக்கடி ஐரோப்பியச் சந்தை விதிகளின் பெயரால் எழுந்தபோது, ஸ்பெயின் 1993 ஏப்ரலில் அரச ஆணை பிறப்பித்து, எனியேவும் தலைகீழ்க் குறிகளும் விசைப்பலகையில் இருப்பதைக் கட்டாயமாக்கியது. ஒரு மொழி தன் எழுத்துக்காகச் சட்டம் வரை சென்றதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த அமைப்பில் நிறுத்தக்குறிகள் இடம் மாறிவிடும்: இணையமுகவரிகளில் வரும் '/' குறி ஷிப்டோடு 7-இல், இரட்டை மேற்கோள் ஷிப்டோடு 2-இல். ஆங்கிலப் பலகையைப் பார்த்துத் தட்டும் பழக்கம் உள்ளவர் தடுமாறிப்போவார்.

கைப்பேசியில் எழுத்தை நீள அழுத்தினாலே போதும். குறுஞ்செய்திக்கு அது தாராளம், பத்துப் பக்கக் கடிதத்துக்கு ஆகாது.

இரு மொழிகளில் மாறி மாறி எழுதுகிறவர்கள் யுஎஸ்-இன்டர்நேஷனலை நிறுவிக்கொண்டு, முதல் நாளிலிருந்தே வலப்புற ஆல்ட்டை மட்டும் பயன்படுத்தப் பழகுங்கள். ஆங்கிலம் மட்டும் எழுதும் நேரத்தில் விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்துத் தட்டினால், பட்டியலில் இருக்கும் சாதாரண அமைப்புக்கு உடனே மாறிக்கொள்ளலாம். எனக்குக் கை பழக மூன்று வாரங்கள் பிடித்தன. இப்போது 'அவர் செலுத்தினார்' என்று எழுதும்போது வலக்கைக் கட்டைவிரல் தானாகவே ஆல்ட்டுக்குப் போய்விடுகிறது.