பதில் அம்புக்குறியோடு பன்னிரண்டு ஆண்டுகள்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, வந்த மின்னஞ்சல்களில் எவற்றுக்குப் பதில் போயிற்று, எவை இன்னும் காத்திருக்கின்றன என்பதுதான் காலையில் முதலில் தெரிய வேண்டியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது, பதில் அனுப்பியதும் பட்டியலில் அஞ்சலுக்கு அருகே தோன்றும் சிறு வளைந்த அம்புக்குறியை. அலுவல் கடிதங்களுக்குத் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளும், வாடிக்கையாளர் ஒருவர் தந்த கணினியில் அவுட்லுக்கும், சொந்தக் கடிதங்களுக்கு ஜிமெயிலும் பயன்படுத்துகிறேன்.

அந்த அம்புக்குறியின் மேல் நான் வைத்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தது. பயணத்தின்போது கைப்பேசிச் செயலி ஒன்றிலிருந்து ஒரு பதிப்பாளருக்குக் கட்டணம் சொல்லிப் பதில் அனுப்பியிருந்தேன். வீடு திரும்பிக் கணினியில் பார்த்தபோது அந்த அஞ்சலில் குறி இல்லாததால், பதில் போகவில்லை என்றெண்ணி மீண்டும் எழுதினேன். இரண்டாவது கடிதத்தில் தொகை வேறாக இருந்தது. அதை விளக்கி மன்னிப்புக் கேட்க நேர்ந்தபோது பட்ட சங்கடத்தை இன்றும் மறக்கவில்லை.

காரணத்தைத் தேடிய பிறகுதான் இக்குறி எங்கே வாழ்கிறது என்பது புரிந்தது. ஒரே அஞ்சல்பெட்டியைப் பல கருவிகளிலிருந்து பார்க்க உதவும் ஐமேப் (IMAP) முறையில், படித்தது, பதிலளித்தது, நட்சத்திரமிட்டது போன்ற நிலைகளைக் காட்டும் கொடிகள் (flags) சர்வரிலேயே அஞ்சலோடு சேர்த்து வைக்கப்படுகின்றன. ஆனால் பதிலளித்த கொடியை ஏற்றும் பொறுப்பு, பதிலை அனுப்பும் மென்பொருளுடையது. அது அந்த வேலையைச் செய்யாமல் விட்டால், மற்றக் கருவிகளுக்குச் செய்தி எட்டாது. அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 (POP3) முறையிலோ இத்தகைய கொடிகளே இல்லை. குறி அந்தந்தக் கணினியோடு நின்றுவிடும்.

அவுட்லுக்கில் எனக்குப் பிடித்தது, அஞ்சலைத் திறந்தால் எந்த நாளில், எத்தனை மணிக்குப் பதிலளித்தேன் என்று மேலே ஒரு வரி காட்டுவது. ஆயினும் அது கடைசியாகச் செய்த செயலை மட்டுமே நினைவில் வைக்கிறது: பதில் எழுதிய பின் அதே அஞ்சலை வேறொருவருக்கு முன்னனுப்பினால், பட்டியலில் முன்னனுப்பிய அம்பு மட்டுமே மிஞ்சும். தண்டர்பேர்ட் இரண்டையும் தனித்தனியே பதிந்து, இரண்டும் சேர்ந்த குறியைக் காட்டுகிறது. என் வேலைக்கு இதுவே பொருந்துகிறது. ஜிமெயிலின் இணையப் பக்கம் கடிதங்களை உரையாடலாகக் கோப்பதால், அனுப்புநர் பெயர்களுக்கு நடுவே என்னைக் குறிக்கும் சொல் வருகிறதா என்று பார்த்துப் பழகிக்கொண்டேன். நீண்ட உரையாடலில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன் என்பதை அது காட்டுவதில்லை.

எந்த மென்பொருளிலும், பதில் பொத்தானை அழுத்தாமல் புதிய அஞ்சலாக எழுதியதையோ, தொலைபேசியில் பேசி முடித்ததையோ அம்புக்குறி அறியாது. "பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினாலும் அது முழுப் பதிலைப் போலவே தோன்றிவிடும். ஆகவே அப்படி ஒரு வரி அனுப்பிய அஞ்சலுக்கு உடனே நட்சத்திரமிடுகிறேன். அம்பும் நட்சத்திரமும் சேர்ந்திருப்பவற்றைத்தான் வெள்ளிக்கிழமை மாலைகளில் திறந்து உட்காருகிறேன். சந்தேகம் வந்தால், மீண்டும் எழுதும் முன் அனுப்பிய அஞ்சல்களின் கோப்புறையில் அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகிறேன்.