சுவிட்சை அணைத்துவிட்டு எண்ணுங்கள்: ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுடன் 8 வருடம்

எங்கள் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இப்போது வயது 8. 8 அங்குல அளவு, பிளாஸ்டிக் இறக்கைகள், 35 வாட் மோட்டார். பின்பக்கம் ஷட்டர் உண்டு. ஃபேன் ஓடினால் காற்றின் வேகத்தில் திறந்துகொள்ளும், நின்றதும் தானாக விழுந்து மூடும். சாதாரண ரகம்தான். மாட்டிய முதல் 2 வருடம் அதை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதன் பிறகு இன்றுவரை 15 தடவையாவது கழற்றி மாட்டியிருப்பேன். நடுவில் ஒருமுறை, சரிசெய்கிறேன் பேர்வழி என்று நானே அதைக் கெடுத்தேன். இன்னொரு முறை அதுவாகவே மக்கர் செய்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் சந்தேகம் வந்தது கண்ணாடியைப் பார்த்துத்தான். வெந்நீரில் குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் ஆகியும் கண்ணாடியில் ஆவி படர்ந்தபடியே இருந்தது. ஃபேன் என்னவோ சத்தமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேலே கூரை மூலையில் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. ஒரு டிஷ்யூ பேப்பரில் ஒற்றைத் தாளைப் பிரித்து ஃபேனின் முன்கம்பியில் வைத்துக் கையை எடுத்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள், ஆடி அசைந்து தரையில் விழுந்தது. சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை. ஃபேன் ஓடுகிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கழற்றிப் பார்த்தால், நான் எதிர்பார்த்த தூசி அங்கே இல்லை. தூசி என்றால் ஊதினால் பறக்க வேண்டுமே. இது அடை. துணியிலிருந்து உதிரும் நூல், முடி, பவுடர், சோப்பின் பிசுக்கு எல்லாம் நீராவியில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கம்பளி விளிம்பு மாதிரி தடித்துப் போயிருந்தது. அதிலும் இறக்கை முழுக்கச் சமமாக இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன் ஓரத்தில்தான் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தேன், பட்டையாகவே உரிந்து வந்தது. காற்றை உள்வாங்கும் ஓரமே இப்படி மொத்தித்துப் போனால் இறக்கையின் வளைவுக்கு அர்த்தம் இல்லை. ஃபேன் காற்றைத் தள்ளுவதற்குப் பதில் அங்கேயே கலக்கிக்கொண்டிருக்கும். ஒரு இறக்கையில் கூடவும் இன்னொன்றில் குறைவாகவும் ஒட்டினால் சுற்றும்போது உதறல் வரும். அந்த உதறல் நேராகப் போய் அடிப்பது புஷ்ஷை, அதாவது மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் வளையத்தை.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வயரிங் செய்தவர் சுவிட்சை, கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் மோட்டாரில் கரண்ட் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது, டெஸ்டர் மினுக்கென்று எரிகிறது. ஈரச் சுவர், கையில் ஸ்க்ரூடிரைவர், ஸ்டூல் மேல் நான். நல்லவேளை, முதலில் டெஸ்டரை வைத்தேன். அன்றிலிருந்து மின்பெட்டியில் மொத்தக் கரண்டையும் துண்டிக்கும் எம்சிபியை இறக்காமல் ஃபேன் பக்கம் போவதில்லை. இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

இறக்கையைக் கழற்றுவதில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சில மாடல்களில் நடுவில் இருக்கும் நட்டுக்கு மரை தலைகீழாக இருக்கும், டேபிள் ஃபேன் மாதிரி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கம் போல இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும், பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் விண்டுபோகும். சில மாடல்களில் நட்டே இருக்காது. இறக்கையின் கழுத்துப் பகுதியில் சின்னதாக ஒரு அலன் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். என்னுடையது முதல் வகை. கழற்றுமுன் வெளிப்பக்கம் எது என்று மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். ஒருமுறை வைக்க மறந்து இறக்கையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். காற்று எதிர்த்திசையில் உள்ளே வீசும் என்றுதான் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. காற்று வெளியேதான் போனது. ஆனால் வளைவு மாறிப்போனதால் பாதி இழுவைகூட இல்லை. இரண்டு நாள் காரணம் தெரியாமல் விழித்தேன்.

கழுவுவது சுலபம். பிளாஸ்டிக் இறக்கையையும் முன்கம்பியையும், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுவேன். அப்புறம் பழைய டூத் பிரஷ். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். தின்னர் வேண்டவே வேண்டாம். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். மோட்டார் பக்கம் மட்டும் தண்ணீரே கூடாது. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மோட்டார் உறையில் இருக்கும் துளைகளைத் தட்டித் துடைப்பேன். மோட்டார் சூட்டைக் கழிப்பது அந்தத் துளைகள் வழியாகத்தான். அவை அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும், எண்ணெய் காயும், மோட்டாரின் கம்பிச்சுற்றின் மேல்பூச்சு கருகும். இறக்கையைப் பளபளவென்று கழுவிவிட்டு மோட்டாரை அப்படியே விடுகிறவர்கள் அதிகம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மோட்டாரைத்தான் துடைப்பேன்.

சரி, நான் கெடுத்த கதை.

மூன்றாவது வருடம், ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம். எண்ணெய் வற்றிவிட்டது என்று புரிந்தது. வீட்டில் துரு பிடித்த நட்டைக் கழற்ற வைத்திருந்த ஸ்ப்ரே இருந்தது. மெல்லிய குழாயைச் செருகி ஷாஃப்ட் ஓரத்தில் தாராளமாக அடித்தேன். சத்தம் உடனே நின்றது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்றே வாரத்தில் கீச்சுக்குப் பதில் 'கிர்ர்' என்று அரைக்கும் சத்தம் வந்தது. தலைவலி போய்த் திருகுவலி. மோட்டாரைக் கழற்றி, ரீவைண்டிங் (மோட்டாருக்குக் கம்பி மறுபடி சுற்றுவது) செய்கிறவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். 'டக் டக்' என்று ஆடியது. மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“ஸ்ப்ரே அடிச்சீங்களா சார்?”

“ஆமாண்ணே. சத்தம் வந்துச்சுன்னு…”

“சத்தத்தை மட்டுமா கழுவுச்சு? புஷ்ஷுல இருந்த எண்ணெயையும் சேர்த்துல்ல கழுவிடுச்சு.”

பிறகு அவர் விளக்கியது இதுதான். இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களில் இருக்கும் புஷ், வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். கனஅளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குக்கு அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். சுற்றிலும் ஒரு கம்பளி வளையம், அதுவும் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். ஷாஃப்ட் சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் கசிந்து வெளியே வரும், ஆறியதும் திரும்ப உள்ளே போகும். துரு நீக்கும் ஸ்ப்ரேயில் பெரும்பங்கு கரைப்பான். அது துளைக்குள் புகுந்து பழைய எண்ணெயைக் கரைத்து வெளியேற்றிவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது வெறும் உலோகத்தின் மேல் உலோகம். இரண்டு புஷ்ஷையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நான் போடுவது தையல் மெஷின் எண்ணெய். 6 மாதத்துக்கு ஒருமுறை, முன்புஷ்ஷுக்கு 2 சொட்டு, பின்புஷ்ஷுக்கு 2 சொட்டு. கம்பளி வளையத்தில் படும்படி விட்டு, இறக்கையைக் கையால் 20, 30 சுற்று சுற்றிவிடுவேன். கூடுதலாக ஊற்றினால் வழிந்து தூசியைத்தான் சேர்க்கும். சமையலறையில் இருக்கும் எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. நாளடைவில் பிசின் மாதிரி இறுகி ஷாஃப்டையே பிடித்துக்கொள்ளும். உங்களுடையது, புஷ்ஷுக்குப் பதில் சின்னக் குண்டுகள் ஷாஃப்டைத் தாங்கும் பால் பேரிங் மோட்டாராக இருந்து இருபுறமும் தகட்டால் மூடியிருந்தால் எண்ணெயே விட வேண்டாம். சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றுவதுதான் வழி.

அந்த ரீவைண்டிங் அண்ணன் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு அதிகம் உதவியது வேறு. புது புஷ் போட்ட மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கை முழுசாக நிற்கும்வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். “பன்னெண்டு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க” என்றார். அன்றிலிருந்து நானும் எண்ணுகிறேன். ஃபேனை அணைக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று நிமிர்ந்து பார்த்தபடி நிற்பேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். 12 வினாடி, 11 வினாடி என்றால் புஷ் நன்றாக இருக்கிறது. 8, 7 என்று இறங்கினால் எண்ணெய் கேட்கிறது. 4 வினாடியில் சட்டென்று நின்றால் அன்றைக்கே ஏணியை எடுக்க வேண்டும். இந்த எண்கள் என் ஃபேனுக்கு மட்டும்தான் பொருந்தும். உங்கள் ஃபேன் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள்.

இந்த எண்ணிக்கை ஐந்தாவது வருடம் கைகொடுத்தது. ஒருநாள் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகல் மட்டும், இறக்கை அசையவில்லை. ஒரு குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டதும் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் வழக்கமான வேகத்துக்கு வந்தது. அணைத்து எண்ணினேன். 11. அப்படியென்றால் புஷ் பிடிக்கவில்லை, கோளாறு வேறெங்கோ. மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் கெபாசிட்டர்தான். மேலே 2 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டரில் அளந்தால் 1.1 காட்டியது. எம்சிபியை இறக்கினாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், அளப்பதற்கு முன்பே அதன் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து மின்சாரத்தை இறக்கிவிட்டேன். அதே அளவில் புதிது போட்டதும் பழையபடி ஓடியது. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கேட்கவில்லை. கெபாசிட்டர் அளவு கூடினால் அதோடு இணைந்த துணைச்சுற்றில் (மோட்டாரின் இரண்டாவது கம்பிச்சுற்றில்) கரண்ட் கூடி மோட்டார் சூடாகும். ஃபேன் இப்படி முனகிக்கொண்டே நிற்கும்போது சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. சுற்றாத மோட்டாரில் கரண்ட் எல்லாம் சூடாகத்தான் மாறும்.

ஷட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். இறக்கை சுத்தம், எண்ணிக்கை 12, ஆனாலும் தாள் விழுகிறது என்றால் வெளியே போய்ப் பாருங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு ஷட்டர் தகடுகளுக்கு நடுவே குளவி மண்கூடு கட்டியிருந்தது. இன்னொரு முறை ஒட்டடையும் பிசுக்கும் சேர்ந்து தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தன. ஈரத்துணியால் துடைத்து, கீல் ஊசிகளில் இருக்கும் அழுக்கைப் பிரஷ்ஷால் எடுத்தால் போதும். அங்கே எண்ணெய் போடக் கை வரும். போடாதீர்கள், அடுத்த மாதமே தூசி அதில் அப்பிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கடைசியாகக் கதவு. குளியலறை ஜன்னலையும் கதவையும் இறுக்கி மூடிவிட்டு ஃபேனைப் போட்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. எங்கள் கதவுக்குக் கீழே தண்ணீர் வழியாமல் இருக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தோம். அதை எடுத்து இரண்டு விரல் இடைவெளி விட்ட அன்றே தாள் கம்பியில் கப்பென்று ஒட்டியது. இத்தனைக்கும் அந்தப் பட்டையை ஒட்டியவன் நான்தான்.

குளித்து முடித்ததும் ஃபேனை அணைப்பதில்லை, 20 நிமிடம் ஓடவிடுகிறேன். 35 வாட், தினமும் 20 நிமிடம் என்றால் மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது. கூரை மூலையில் இருந்த புள்ளிகளைத் தேய்த்துத் துடைத்த பிறகு அவை திரும்ப வரவில்லை.

இப்போது மோட்டார் உறையைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. கருகிய வாடை வந்தாலோ, உள்ளே இருக்கும், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போனாலோ, நான் அதை நோண்டப் போவதில்லை. அந்த ஃபியூஸைத் தாண்டி வயரை நேராக இணைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. அந்த நாள் வந்தால் புது ஃபேன்தான். அப்போது பால் பேரிங் வாங்குவதா, புஷ்ஷே போதுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பால் பேரிங்குக்கு எண்ணெய் விடும் வேலை இல்லை, ஆனால் தேய்ந்தால் சத்தம் அதிகம். புஷ் அமைதியாக ஓடும், ஆனால் என்னைப் போல எண்ணிக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். நேற்று எண்ணியதில் 9. இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட வேண்டும்.