வரவேற்பறைக்கு வந்த 43 அங்குல ஸ்மார்ட் டிவி: ஒரு மதிப்புரை

கூகுள் டிவி மென்பொருளில் இயங்கும் 43 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றைச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இருபத்தைந்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் பல மாடல்களில் இதே மென்பொருள்தான் இருக்கிறது என்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், சிறிய திரை போதும் என்று கடைக்குப் போகிறவர்களுக்கும் இந்த அளவின் மீது ஒரு கண் விழத்தான் செய்யும்.

படத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 3840 × 2160 தெளிவில் வரும் காட்சிகளில் நிறங்கள் இயல்பாக இருக்கின்றன. தோல் நிறத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் பழைய மலிவு டிவிகளின் வழக்கம் இதில் இல்லை. கேபிளில் வரும் எஸ்டி சேனல்கள் சற்று மங்கலாகத் தெரியும். அது சேனலின் குறையே தவிர டிவியின் குறை அல்ல. ஒலியில் வசனம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் பாடல்களில் ‘பேஸ்’ எனப்படும் கனமான தாழ்ஒலி இல்லை. இந்த விலைக்கு இவ்வளவும் தாராளம் என்றே சொல்வேன். பிரச்சினை எல்லாம் டிவியை இயக்கியதும் வருகிற மென்பொருளில்தான்.

சுவரில் மாட்டிக் கொடுக்க வந்தவர், தொடக்க அமைப்பின்போது ரிமோட்டை என் கையில் கொடுத்து, “எல்லாத்துக்கும் அக்செப்ட் குடுத்துடுங்க சார், இல்லன்னா உள்ள போகாது” என்றார். உண்மையில் உள்ளே போகும். கூகுள் கணக்கே இல்லாமல், இணையமும் இல்லாமல், சாதாரண டிவியாக மட்டும் வைத்துக்கொள்ளும் வழி தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது திரையின் ஓரத்தில் மங்கிய எழுத்தில் நிற்கிறது, ‘ஏற்கிறேன்’ என்பதோ ரிமோட்டைத் தொடும் முன்பே ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. கூகுளின் நிபந்தனைகள் முடிந்ததும் தயாரிப்பாளரின் நிபந்தனைகள் தனியாக வருகின்றன. மெனு முழுவதையும் தமிழில் காட்டத் தெரிந்த அந்த டிவிக்கு, தனியுரிமைக் கொள்கையை மட்டும் ஆங்கிலத்தில்தான் காட்டத் தெரிகிறது. ரிமோட்டின் கீழ் அம்பை அழுத்தி அழுத்தி அந்த ஆவணத்தை முழுவதும் படித்த வாடிக்கையாளர் ஒருவராவது இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

முகப்புத் திரையில் மேல்பாதி முழுவதும் பெரிய விளம்பரப் பட்டை. நாம் சந்தா கட்டாத ஓடிடி தளத்தின் படமோ, சில நேரம் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொருளோ அதில் ஓடுகிறது. காலையில் பக்திப் பாடல் வைப்பதற்காக என் அம்மா டிவியைப் போட்டால், செட்-டாப் பாக்ஸுக்கு மாறுவதற்குள் ஏதோ ஒரு திகில் தொடரின் முன்னோட்டம் அலறி முடிந்துவிடுகிறது. ரிமோட்டில் ஒலி கூட்டும் பொத்தானுக்குக் கீழேயே நான்கு ஓடிடி பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது, செயலிழக்கச் செய்யவும் முடியாது. சீரியல் நடுவே விரல் அதில் பட்டுவிட்டால் திரும்பி வர அம்மாவுக்கு ஆள் தேவைப்படுகிறது. வாங்கியபோது இந்தப் பட்டை இவ்வளவு பெரிதாக இல்லை, ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின்தான் வளர்ந்தது என்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துச் சொன்னபோது, “அது அப்டேட்ல வர்றது சார், ஒரு தடவை ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க” என்ற பதில் கிடைத்தது. ரீசெட் செய்தால் மறுபடியும் அதே ‘ஏற்கிறேன்’ பக்கத்தில்தான் போய் நிற்போம்.

விளம்பரத்தையாவது கண்ணால் பார்க்க முடிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது தானியங்கி உள்ளடக்க அறிதல் எனப்படும் ஏசிஆர் தொழில்நுட்பம். திரையில் ஓடும் காட்சியின் சிறு மாதிரிகளை டிவி இடைவிடாமல் எடுத்து, அவற்றை எண் வடிவக் கைரேகையாக மாற்றி, நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பும். அங்குள்ள நிகழ்ச்சிகளின் கைரேகைத் தொகுப்போடு அது பொருந்தினால், நீங்கள் எந்த நிகழ்ச்சியை எப்போது எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது பதிவாகிவிடும். காட்சி எந்த வழியாக வந்தது என்பது இதற்குப் பொருட்டே இல்லை. லண்டன், மாட்ரிட், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, எச்டிஎம்ஐ கம்பி வழியாக வேறொரு கருவியை இணைத்து, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் இந்தக் கைரேகைகள் வெளியே போவதைக் கண்டது. அமைப்புகளில் அணைத்தால் நின்றுவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு உறுதிசெய்தது. சாம்சங்கில் இதன் பெயர் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’. இரண்டு பெயர்களுமே ஏதோ கூடுதல் வசதி தருவது போன்ற தோற்றத்தோடு இருப்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். என் டிவியிலும் இதைப் போன்ற ஒரு தேர்வு, மெனுவுக்குள் மெனுவாகப் பல அடுக்கு தாண்டி, இயக்கப்பட்ட நிலையிலேயே இருந்தது.

அமெரிக்காவில் வைஸியோ என்ற டிவி நிறுவனம் 2014 முதல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து இப்படி நொடிக்கு நொடி தகவல் சேகரித்து, அதை வீட்டின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியோடு சேர்த்து விற்றதாக, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குத் தொடுத்தன. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. டிவி ஒன்றுக்கு 20 சென்ட் என்று கணக்கு வருகிறது. அதன் பிறகும் வணிகம் அதே திசையில்தான் போனது. 2021-இன் மூன்றாம் காலாண்டில், விளம்பரமும் தரவும் அடங்கிய பிரிவில் வைஸியோவுக்குக் கிடைத்த மொத்த லாபம் 5.73 கோடி டாலர். டிவி முதலிய கருவிகளை விற்றதில் கிடைத்தது 2.56 கோடி மட்டுமே. 43 அங்குல 4கே திரை ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று கடையில் வியப்பவர்களுக்கு, விடையின் ஒரு பகுதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

எந்த நிறுவனத்தின் டிவியை வாங்கினாலும் ஏன் ஒரே முகப்பு, ஒரே செயலிகள் என்ற கேள்விக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் ஆவணங்களில் பதில் கிடைக்கிறது. ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலித் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே நிறுவியாக வேண்டும் என்றும், ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் தயாரிப்பாளர்களைக் கூகுளின் ஒப்பந்தங்கள் கட்டிப்போட்டிருந்தன என்பது புகார். 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய் செலுத்தவும், இந்தியாவில் ப்ளே ஸ்டோரைத் தொகுப்பாக அல்லாமல் தனி உரிமமாகத் தரவும் ஒப்புக்கொண்டு கூகுள் சமரசம் செய்துகொண்டது. அந்த உரிமத்தை எடுத்துக்கொண்டு, விளம்பரம் இல்லாத முகப்போடு ஒரு டிவியை எந்தத் தயாரிப்பாளராவது கொண்டுவந்தால், ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க நான் தயார்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அதாவது அந்த ஆங்கில ஆவணம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இப்போது விற்பனையாகும் டிவிகள் அந்த அவகாசத்துக்குள் வீட்டுக்கு வந்து, ஒப்புதலையும் வாங்கி முடித்துவிடும்.

தற்போது என் டிவியின் வைஃபை அணைந்திருக்கிறது. பார்வைத் தகவல் சேகரிப்பை அணைத்து, விளம்பர அடையாள எண்ணை நீக்கி, ‘செயலிகள் மட்டும்’ என்ற முகப்புக்கு மாற்றியதற்கும் பிறகு எடுத்த முடிவு இது. ஏனெனில் அந்த முகப்பிலும் விளம்பரப் பட்டை மொத்தமாகப் போய்விடவில்லை. கேபிள் செட்-டாப் பாக்ஸ் ஒரு எச்டிஎம்ஐயிலும் பழைய மடிக்கணினி இன்னொன்றிலும் இணைந்திருக்கின்றன. இணையம் இல்லாத இந்த டிவி, போட்ட உடனே கடைசியாகப் பார்த்த இணைப்புக்கே போய்விடுகிறது, மெனுவும் தடங்கலின்றி நகர்கிறது. டிவியில் செருகி ஓடிடி பார்க்க உதவும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி மாட்டலாமே என்று சிலர் சொல்கிறார்கள். மாட்டலாம்தான், ஆனால் ஸ்டிக்கை விற்கும் நிறுவனங்களும் இதே விளம்பரத் தொழிலில் இருப்பவையே என்பதால், தகவல் போய்ச் சேரும் இடம் மாறுமே தவிரப் போவது நிற்காது.

திரைக்கு ஐந்துக்கு நான்கு, மென்பொருளுக்கு ஒன்றரை. கேபிளும் மடிக்கணினியும் போதும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். யூடியூபும் ஓடிடியும் டிவியிலேயே வேண்டும் என்பவர்கள், கடையில் ஓடும் மயில் தோகை டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, முகப்புத் திரையை இணையத்தோடு திறந்து காட்டச் சொல்ல வேண்டும். தனியுரிமை அமைப்புகள் எத்தனை அடுக்கு உள்ளே இருக்கின்றன என்பதையும் அங்கேயே ரிமோட்டை வாங்கிப் பார்த்துவிடலாம். பெட்டியைப் பிரித்துவிட்டால், மென்பொருள் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.