9,40,000 ரூபாய்க்கு வாங்கிய புது கேரவன்: கடைசித் தவணை கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன் டிரெய்லர் வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அதிலும் மலைக்கு ஏற்றப் போகிறவர்களாக இருந்தால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் 9,40,000 ரூபாய் இப்போது ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காத வண்டி. என்னென்ன சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

விற்றவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வேனுக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டிக்கொண்டிருந்து, இப்போது கேரவனும் கட்டித் தருகிற பட்டறை. செல்போனில் வீடியோ போட்டு ஆர்டர் பிடிப்பவர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தோட்டம் மாமனார் காலத்தது. பழம் பறிக்கிற மாதங்களில் யாராவது அங்கேயே தங்கியாக வேண்டும். அத்தைக்கு முட்டி வலி, சேலத்திலிருந்து தினமும் ஏறி இறங்க முடியாது. மலையில் புதிதாக ஒரு அறை கட்டுவதென்றால் அனுமதிக்கு அலைச்சல். அதனால்தான் கேரவன். வீட்டுக்காரரின் பி.எஃப். பணம், என் நகை மேல் வாங்கிய கடன், இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 9,40,000. ஆர்டர் கொடுக்கும்போது 3 லட்சம், கூடு கட்டி முடித்ததும் 4 லட்சம், வண்டி எடுக்கும் அன்று 2,40,000.

அந்தக் கடைசி நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வண்டி பளபளவென்று நின்றது. நான் போனதும் கேட்ட முதல் விஷயம், "கூரை மேல தண்ணி அடிச்சுக் காட்டுங்க." மேனேஜர் சிரித்துக்கொண்டே, "இப்பத்தான் பாலிஷ் போட்டிருக்கோம் அக்கா, தண்ணி பட்டா மங்கிரும். மழை டெஸ்ட் நேத்து ராத்திரியே முடிச்சாச்சு" என்று ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தார். வரிசையாகப் பிரேக், கேஸ், கூரை, ஜன்னல், கரண்ட், தண்ணீர்க் குழாய். எல்லாவற்றுக்கும் எதிரே டிக். கீழே கையெழுத்து, முத்திரை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். பிரேக் வரியில் நிறுத்தி, "உங்களுக்கு மலை ரோடுன்னு தனியா செக் பண்ணச் சொன்னேன் அக்கா" என்றார்.

அதற்குள் முதலாளியின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த அம்மா எங்கள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மவன் சொந்தத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கான், தைரியமா கொண்டு போங்க" என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று வீட்டுக்காரர் செல்போனில் 2,40,000 அனுப்பினார். பதிவுக்கான பேப்பர் கூரியரில் வரும் என்றார்கள். வண்டியை அவர்கள் ஆளே அவர்கள் பிக்கப்பில் கட்டி, குப்பனூர் வழியாக ஏற்றித் தோட்டத்தில் விட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

முதல் பெரிய மழை ராத்திரியில் வந்தது. கூரைக் காற்றுத் திறப்பின் நாலு ஓரத்திலிருந்தும் தண்ணீர் அத்தையின் படுக்கை மேல். விடிந்து பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. தச்சரை வைத்துத் திறப்பின் சட்டத்தைக் கழற்றினோம். அடியில் தண்ணீர் புகாமல் இருக்க பியூட்டைல் டேப் என்று ஒன்று சுற்றி ஒட்டியிருக்க வேண்டுமாம். அது இல்லவே இல்லை. பாத்ரூம் ஓரத்துக்குப் பூசுகிற சிலிக்கானை மேலோடு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். இதற்குத்தான் "மழை டெஸ்ட்" என்று டிக் போட்டிருந்தது.

போன் போட்டேன். மேனேஜர், "அது லீக் இல்ல அக்கா, மலைக் குளிருக்கு உள்ள வேர்க்கும்" என்றார். வீடியோ அனுப்பினேன். "வண்டிய மட்டமா நிறுத்தியிருக்க மாட்டீங்க" என்றார். நிறுத்தியது அவர் ஆள். அப்புறம் "சீலன்ட் கம்பெனிலதான் கேக்கணும்." அப்புறம் "முதலாளி வெளியூர் போயிருக்காரு." அப்புறம் தீபாவளி லீவு. ஒருநாள் கணக்குப் பிள்ளை எடுத்து, "வாரண்டி இருக்குது மேடம், வண்டிய பட்டறைக்குக் கொண்டு வாங்க, பாத்துக் கொடுத்துருவோம்" என்றார். சரி, கொண்டு போவோம் என்றுதான் சேலத்திலிருந்து டிரெய்லர் பிரேக் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனை மேலே கூட்டிப்போனோம்.

அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த வண்டியில் எலக்ட்ரிக் பிரேக். ஒவ்வொரு சக்கரத்திலும் காந்தம் இருக்கும், இழுக்கிற வண்டியிலிருந்து கரண்ட் வந்தால்தான் பிடிக்கும். எங்கள் வண்டியில் சக்கரத்திலிருந்து வருகிற ஒயரைச் சுருட்டி, இன்சுலேஷன் டேப் ஒட்டி, அடிச்சட்டத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். முன்னால் இருக்கிற பிளக் வரை ஒயரே போகவில்லை. கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதுவும் வெறுமனே தொங்குகிறது, பேட்டரிக்குப் போக வேண்டிய இணைப்பு கிடையாது. "ஏம்மா, இத இப்படியே கீழ எறக்குனீங்கன்னா முன்னாடி போற வண்டியையும் சேத்துத் தள்ளிட்டுப் போயிரும்" என்றார். அடிவாரம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் பக்கமும் இறக்கம்தான்.

பிரேக் இல்லாத வண்டியைத்தான் அவர்கள் மலை ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பிக்கப்பில் அவர்கள் ஆள், பின்னாலேயே காரில் நாங்கள், என் பிள்ளைகள், அத்தை. கொக்கி கழன்றிருந்தால் எங்கள் மேல்தான் வந்திருக்கும்.

"நீங்கதானே ஏத்தினீங்க, நீங்களே வந்து பிரேக்கை மாட்டி எறக்குங்க" என்று கேட்டேன். "டெலிவரி எங்க சர்வீஸு அக்கா. திரும்ப எடுக்கிறது கண்டிஷன்ல இல்ல. வாரண்டி வேலை பட்டறையிலதான்." அதாவது வண்டி அங்கே போனால்தான் பிரேக் சரிசெய்வார்கள், பிரேக் சரியானால்தான் வண்டி அங்கே போகும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்த மனிதருக்கு ஒரு சங்கடம்கூட இல்லை. வீட்டுக்காரர் பேசினால் "சார், கேஸ் போடுறதுன்னா எங்க ஊர் கோர்ட்டுலதான் போடணும், பில்லுலயே அடிச்சிருக்கு" என்கிறார். இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 9,40,000 ரூபாய் வாங்கியவர்கள் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

இதே இடத்தில் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். அவருக்கும் ஒழுகுகிறது. அவருடைய சோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் தாளேதான். அதே டிக்குகள், அதே கையெழுத்து, ஜன்னல் வரியில் மை தீற்றியிருப்பதுகூட அதே இடத்தில். ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொண்டு, மேலே சேஸிஸ் எண்ணை மட்டும் பேனாவால் எழுதித் தருகிறார்கள். எந்த வண்டியையும் யாரும் சோதிக்கவில்லை. விரல் வைத்துப் படித்துக் காட்டினாரே, அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. தாளை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். கூரையிலும் ஜன்னல் மூலைகளிலும் ஹோஸ் வைத்து நன்றாகத் தண்ணீர் அடித்து, உள்ளே போய் மூலைகளையும் அலமாரி உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். பாலிஷ் போகும் என்றால் போகட்டும். குழாய்களை எல்லாம் மூடிவிட்டுப் பம்ப்பை ஆன் செய்து காத்திருங்கள். நின்ற பிறகு திரும்பத் தானாக ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர். வண்டியை அங்கேயே இழுத்து ஓட்டி, பிரேக் பிடிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். கொக்கி கழன்றால் பிடிக்க வைக்கிற அந்தச் சுவிட்சின் ஊசியையும் பிடுங்கி, பிரேக் பிடிக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். எங்கள் "புது" வண்டியில் 1819, அதாவது 2019ஆம் வருஷத்து டயர். எடை மேடையில் ஏற்றுங்கள். முன் கொக்கியில் இறங்குவது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், குறைந்தால் ஓட்டும்போது வால் ஆடும். டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு உண்டு. படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று கட்டியவர்கள் தரும் சான்று) இரண்டும் கைக்கு வராமல் கடைசித் தவணை தராதீர்கள். எங்களுக்கு அந்தக் கூரியர் இன்னும் வரவில்லை.

அவர்கள் ஊர் கோர்ட் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் சேலத்தில் கொடுக்கப் போகிறோம். இப்படி ஒரு பட்டறையில் வண்டி எடுத்தவர்கள் உங்கள் சோதனைத் தாளில் ஜன்னல் வரியைப் பாருங்கள். மை தீற்றியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.