ஆள், வில்லா, அசிஸ்டெட் லிவிங்: அம்மாவுக்காக மூன்றையும் பார்த்த பிறகு

அம்மாவுக்கு 79 வயது. கோவை சாய்பாபா காலனியில் சொந்த வீடு, ஆசிரியை வேலை பார்த்ததற்கான பென்ஷன், இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பிரஷர், கொஞ்சம் சர்க்கரை. அப்பா இல்லை. நான் சென்னையில், அண்ணன் டல்லாஸில். கோவையில் தெருவுக்கு நாலு வீடு இப்படி இருக்கும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வீட்டிலேயே ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது. ஊருக்கு வெளியே முதியோர் குடியிருப்பில் ஒரு வில்லா வாங்குவது. மாதக் கட்டணம் கட்டி, அன்றாடக் காரியங்களுக்கு ஆள் துணை தரும் அசிஸ்டெட் லிவிங் இல்லத்தில் சேர்ப்பது. முதலாவதைச் செய்து பார்த்தோம். இரண்டாவதில் அட்வான்ஸ் கொடுக்கிற கட்டம் வரை போனோம். இப்போது அம்மா இருப்பது மூன்றாவதில். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுவேன் என்பது தெரிந்ததுதான்.

"கூடவே வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: வெச்சுப் பார்த்தோம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பகல் பூராவும் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு இங்க பேச்சுத்துணைக்கு ஒரு ஆளில்ல கண்ணு" என்று அம்மாவேதான் கிளம்பினார்.

வில்லாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் போனால் மலையைக் காட்டியே பாதி விலை சொல்லிவிடுவார்கள். நடைபாதை, கோயில், நூலகம், மூன்று வேளையும் சைவச் சாப்பாடு, கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ் எல்லாம் எல்லா இடத்திலும் உண்டு. அதில் ஒன்றை விட ஒன்று உசத்தி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காற்று நன்றாக இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாயின் புண்ணியம். அம்மா கவனித்தது தண்ணீரை மட்டும். சிறுவாணி குடித்து வளர்ந்த வாய்க்கு அந்த போர் தண்ணீர் இறங்கவில்லை.

அண்ணன் வில்லா கட்சி. "வாடகையா கொடுத்தா போச்சு, வாங்கிப் போட்டா சொத்து" என்பது அவர் வாதம். இந்தச் சொத்து மற்ற வீடுகளைப் போன்றதில்லை என்று அவருக்குப் புரியவைக்கத்தான் பாடுபட்டேன். விலை ஒரு கோடியை ஒட்டி வருகிறது. அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய குடியிருப்பு என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். பல குடியிருப்புகளில் குடியிருக்க வயது வரம்பு இருக்கிறது. அம்மாவுக்குப் பிறகு பத்திரம் எங்கள் பெயருக்கு வரும், ஆனால் நாங்கள் போய்க் குடியிருக்க முடியாது. விற்கலாம் என்றால், வாங்க வருகிறவர்களும் அந்த வயதுக்காரர்களாகவோ அவர்களுடைய பிள்ளைகளாகவோதான் இருக்க வேண்டும். சந்தை அவ்வளவு குறுகியது. சில இடங்களில் கைமாற்றுக் கட்டணம் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். விற்பனைப் பிரிவுத் தம்பியிடம் நான் கேட்ட ஒரு கேள்விதான் வில்லாவை முடித்துவைத்தது. "அம்மாவால தானா குளிக்க முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?" அவர் சிரித்த முகத்தோடு, "அதுக்கென்ன மேடம், நீங்க ஒரு ஆள் வெச்சுக்கலாம், நாங்க அலோ பண்றோம்" என்றார். ஒரு கோடி கொடுத்து, சுற்றி வளைத்து, விட்டுவந்த முதல் வழிக்கே திரும்பி வருவதற்குப் பெயர் என்ன?

தானாக எழுந்து நடக்கிறவர்களுக்கான இடம் வேறு, உதவி தேவைப்படுகிறவர்களுக்கான இடம் வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். முதியோர் மருத்துவத்தில் இதை அளக்க எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1963-இல் வெளியிட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். ஆறையும் தனியாகச் செய்கிறார்களா, வில்லா சரிப்படும். கணவன் மனைவி இருவரும் திடமாக இருந்தால் சுகமாகவே இருப்பார்கள், அப்படி இருக்கிற தம்பதிகளை அங்கேயே பார்த்தேன். அம்மாவுக்கு அப்போதே குளியலும் கட்டிலிலிருந்து எழுவதும் ஆள் துணையோடுதான்.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் குடியிருப்புகளுக்கு மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. வழுக்காத தரை, கைப்பிடிகள், சக்கர நாற்காலி நுழையும் லிஃப்ட், கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவருக்குமான ஒப்பந்தம் என்று நல்ல விஷயங்கள் அதில் உண்டு. ஆனால் அது மாதிரிதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

இனி வீட்டில் ஆள் வைத்த கதை. காகிதத்தில் இதுதான் மிகச் சிறந்த வழி. சொந்தக் கட்டில், சொந்த அடுப்படி, வாசலில் நின்றால் தெரிந்த முகம், காய்காரர் குரல். 24 மணி நேர ஆளுக்கு ஏஜென்சி கேட்டது மாதம் 28,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது. மற்ற இரண்டையும் விடச் செலவு குறைவு.

ஆளாக வந்தவர்கள் பெரும்பாலும் நல்ல பெண்கள்தான். சிக்கல் என்னவென்றால், யாரும் நிலைக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்து வந்தவருக்கு வேறு வீட்டில் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கடுத்து ஏஜென்சியே மாற்றிவிட்டது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். 24 மணி நேர வேலை என்றால் தூக்கமே கிடையாது, ராத்திரி மூன்று தடவை எழுப்புகிற வீட்டில் நானே தங்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அம்மா முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எந்தக் கையைப் பிடித்தால் வலிக்காது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்தப் பேச்சு வேண்டாம் என்று எல்லாம். அறிமுகமில்லாத ஒரு பெண் முன்னால் ஆடை களைந்து குளிக்கிற கூச்சத்தைப் பற்றி அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைக்குக் குளிப்பதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அப்புறம் சோடியம். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் இந்த உப்புச் சத்து 135-இலிருந்து 145-க்குள் இருக்க வேண்டும், அம்மாவுக்கு 118-க்கு இறங்கியிருந்தது. பிரஷர் மாத்திரையோடு சேர்ந்திருந்த நீர் மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். ஐசியுவில் வைத்து, அவசரப்படாமல் மெதுவாக ஏற்றினார்கள். அது ஒரே நாளில் இறங்கவில்லை. இரண்டு மூன்று நாளாகவே அம்மா சோர்ந்துபோய், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கூட இருந்த பெண் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "பாட்டி எப்பவும் இப்படித்தானாக்கும்னு நெனச்சேங்க்கா" என்றார். நியாயமான பதில். எப்போதும் எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தானே, இன்று வேறு மாதிரி இருக்கிறார் என்று தெரியும்? முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும் சில சமயம் இதே கதைதான். காய்ச்சல் வரும் முன்பே பேச்சு தடுமாறலாம். வீட்டில் இருக்கிற கருவி எதுவும் காட்டாது, பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு இல்லம் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் தோட்டத்தைப் பார்க்கவில்லை, மெனு கேட்கவில்லை. அட்டெண்டர்களிடம் போய், "எத்தன நாளா இருக்கீங்க?" என்று கேட்டேன். அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்குத் தோதான பதில் வரும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், துணி மடிக்கிற இடத்தில் கேட்டால் உண்மை வரும். பளிங்குத் தரையும் பியானோவுமாக இருந்த ஓரிடத்தில் நான் பேசிய யாருமே ஆறு மாதம் தாண்டவில்லை. இன்னோரிடத்தில் பெயின்ட் மங்கிக் கிடந்தது, ஆனால் மூன்று வருஷம், நாலு வருஷம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அம்மாவை அங்கேதான் சேர்த்தோம்.

அங்கே ஆள் நிலைப்பதற்குக் காரணம் ஒன்றும் மர்மமில்லை. 12 மணி நேர ஷிப்ட், தங்க இடம், பிஎஃப், வார விடுமுறை. ஒருவர் லீவு போட்டால் அதே தளத்தில் அம்மாவை அறிந்த இன்னொருவர் இருக்கிறார். வீட்டில் இதை எவ்வளவு பணம் கொட்டினாலும் நம்மால் அமைக்க முடியாது. ஒரே ஒருவரை நம்பி இருப்பதுதான் வீட்டுமுறையின் பலவீனம். அவர் எவ்வளவு நல்லவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொழியையும் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு ராத்திரி ஷிப்டில் தமிழ் பேசும் ஒருவராவது வேண்டும். வலி எங்கே என்று சைகையில் சொல்ல முடியாது. அம்மா தளத்தில் பகலில் இருப்பவர் பொள்ளாச்சிக்காரர். ஒருநாள் அவரே எனக்கு போன் செய்து, "அக்கா, அம்மிணி இன்னிக்குப் பேப்பர் கேக்கல, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றார். சோதித்ததில் சோடியம் 129. மாத்திரையை மாற்றியதோடு போயிற்று, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. இந்த ஒரு போன்தான் எனக்கு மொத்த ஒப்பீடும்.

ராத்திரிக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். பகலில் நாலு பேருக்கு ஒருவர் என்பார்கள், ராத்திரி தளத்துக்கே ஒருவர் என்று இருக்கும். முதியவர்கள் விழுந்துவிடுவார்களோ என்ற பயம் கழிவறைக்குப் போகிற அந்த நேரத்தில்தான் அதிகம். முடிந்தால் இரவு பத்து மணிக்குமேல் போய், மணியை அழுத்தி, எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

குறைகள் இல்லாமலில்லை. அம்மாவுக்கு விடிகாலை ஐந்து மணிக்குக் காபி வேண்டும், அங்கே ஆறரைக்குத்தான். அறையில் கெட்டில் வைக்க விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் என்று. ஃபிளாஸ்க்கில் ராத்திரியே வாங்கி வைக்கச் சொன்னேன், "ஆறின காப்பி குடிக்கறதுக்குக் குடிக்காமயே இருந்துக்கலாம்" என்றார். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். ஐம்பது வருஷம் அடுப்படியை ஆண்டவருக்குத் தாளிக்கக்கூட இடமில்லை. பக்கத்து அறையில் பழகிய ஒருவர் போய்விட்டால், மறுநாள் சாப்பாட்டு மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை. சொந்தக்காரர்களின் பேச்சும் உண்டு, கல்யாண வீடுகளில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். அம்மா தன் பங்குக்கு, "நான்தான் போறேன்னேன்" என்று சொல்லி அடைத்துவிடுகிறார்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு என் அனுபவத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. அம்மாவுக்கு நினைவு தெளிவு. டிமென்ஷியாவுக்குத் தனிப் பிரிவு, பூட்டும் கதவு, பயிற்சி பெற்ற ஆட்கள் என்று அது வேறு உலகம். முழுக்கப் படுத்துவிட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். எங்கள் இல்லத்தில் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்ததை வைத்து உத்தரவாதம் கொடுக்க முடியாது. அந்த நிலை வந்தால் வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.

செலவு: தனி அறைக்கு மாதம் 55,000, ஆறு மாத டெபாசிட். டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள், எல்லாம் தனி. மாதம் அறுபதைத் தொடுகிறது. வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், எங்களுக்கு 8 சதவீதம். சாய்பாபா காலனி வீட்டை விற்கவில்லை, 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறோம். அம்மாவின் பென்ஷன், அந்த வாடகை, குறைவதை அண்ணனும் நானும் பாதிப் பாதி.

பத்து வருஷத்துக்கு எது லாபம் என்று அண்ணன் ஒரு எக்செல் தாளில் போட்டு அனுப்பினார். அதில் இன்றைக்கும் வில்லாதான் ஜெயிக்கிறது. ஆள் சம்பளத்துக்கு அதில் ஒரு வரிசையே இல்லை என்று சொன்னேன், சேர்த்து அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.